பிறக்காத பிள்ளைக்குப் பால்சுறா

பிறக்காத ஒரு பிள்ளையின் பேரைச் சொல்லி, ஒரு மனிதனைக் கடலுக்குள் கூட்டிப்போய்க் கொன்றவன் நான்.

கொன்றவன் என்ற சொல் உங்களுக்குப் பெரிதாகப் படலாம். போலீஸ்காரர்கள் அப்படி எழுதவில்லை. ஊரும் அப்படிச் சொல்லவில்லை. ஆயுசு அவ்வளவுதான் என்றார்கள். நானும் சேர்ந்து தலையை ஆட்டினேன். ஆட்டிய தலைக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாதா!

என் பெயர் கோமதிநாயகம். எழுபதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவிலில் ஒரு டூர் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். குற்றாலம், திருச்செந்தூர், கன்னியாகுமரி... எங்கே போகவேண்டுமானாலும் ஆட்களைக் கூட்டிப்போவேன். போகிற இடத்தில் தங்க, குளிக்க, சாப்பிட எல்லாம் என் ஏற்பாடு. ‘கோமதிகிட்டச் சொல்லியாச்சா? அப்போ முடிஞ்சுது’ என்று பஸ் ஸ்டாண்டில் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சுக்கு நான் அடிமை. ‘முடியாது’ என்று ஒரு வார்த்தை சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்பது போலத்தான் நடந்துகொண்டேன்.

புளியங்குடியில் எலுமிச்சை மண்டி வைத்திருந்த வேலாயுதம் அண்ணாச்சி என் வேனுக்கு நிரந்தர வாடிக்கை. ஒருநாள் மண்டிக்குப் போயிருந்தபோது ஒரு காலண்டரை எடுத்துக் காட்டினார். தொப்பி போட்ட வெள்ளைக்காரன் ஒருவன் சிரித்துக்கொண்டு நிற்கிறான். பக்கத்தில் அவனைவிட உயரமாக ஒரு சுறா தலைகீழாகத் தொங்குகிறது.

“ஏலே கோமதி, இதே மாதிரி ஒரு சொறாவை நான் பிடிக்கணும். பக்கத்துல நின்னு போட்டோ எடுத்து மண்டியில மாட்டணும். குத்தாலத்துல குளிச்சுக் குளிச்சுச் சலிச்சுப்போச்சு. ஒன்னால ஆவுமா?”

“என்ன அண்ணாச்சி இப்படிக் கேட்டுட்டீய! கடக்கரையில நமக்கு ஆள் இருக்கு. வள்ளம், தூண்டி, ஆளு, சாப்பாடு எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்.”

“ஞாயித்துக்கிழமைதான் தோதுப்படும். மத்த நாள் மண்டியை விட்டுட்டு நகர முடியாது.”

“ஞாயித்துக்கிழமையே வச்சுக்கிடுவோம்!”

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடற்கரையில் எவனும் கடலில் இறங்க மாட்டான். கோயிலில் பூசை, அன்று தொழில் கிடையாது. அது எனக்குத் தெரியும்... தெரிந்தேதான் சரி என்றேன்.

ஆள் இருக்கிறது என்று நான் சொன்னது சூசையண்ணனை. திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். அதன் பெயரை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். ஒருமுறை என் வேன் அங்கே மணலில் புதைந்துபோனது. பெண்களும் பிள்ளைகளுமாக வண்டி நிறைய ஆட்கள். வலையை உலர்த்திக்கொண்டிருந்தவர் அதை அப்படியே போட்டுவிட்டு, நாலு பேரைக் கூட்டிவந்து தள்ளிவிட்டார். கூலி என்று நான் சட்டைப்பையில் கைவைத்ததும் வைதார் பாருங்கள்... அன்றைக்கு ஒட்டிக்கொண்டோம். அதன்பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவர் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. அவர் மனைவி தெரேசக்கா சுறாப்புட்டு செய்து வைப்பாள்.

அந்தப் புட்டைத் தின்றுகொண்டிருந்த ஒருநாள்தான் அவள் சொன்னாள்:

“இது பால்சொறா தம்பி. பிள்ளை பெத்தவளுக்குப் பால் ஊறும். பச்சைப்பிள்ளைக்குப் பாலில்லன்னு யாரு வந்து கேட்டாலும் எங்க ஊருல இல்லன்னு சொல்லவே மாட்டாவ. கரையில மீனு இல்லன்னா கடல்ல போயாவது கொண்டாந்து குடுப்பாவ.”

பசிக்கு உணவு போட்ட கை. அந்தக் கையிலிருந்து இதையும் வாங்கி வைத்துக்கொண்டேன்!

அண்ணாச்சியைத் திருச்செந்தூரில் ஒரு லாட்ஜில் விட்டுவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் சூசையண்ணனிடம் போனேன். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

“ஞாயித்துக்கிழம நாங்க தொழிலுக்குப் போறதில்லவே. ஒமக்குத் தெரியாதா? திங்கக்கிழம கூட்டிட்டு வாரும், ஒம்ம அண்ணாச்சிக்கு யானை மாதிரி சொறா காட்டுதேன்.”

கெஞ்சினேன். வற்புறுத்தினேன். அவர் அசையவில்லை. எழுந்து வாசலுக்கு வந்தேன். திரும்பிப்போய் அண்ணாச்சியிடம் ‘முடியவில்லை’ என்று சொல்லியிருக்கலாம். என்ன ஆகியிருக்கும்? இரண்டு வசவு விழுந்திருக்கும். வேறு வேன்காரனிடம் போயிருப்பார். அவ்வளவுதானே... அவ்வளவுதானே!

வாசல்வரை போனவன் திரும்பி வந்தேன். என் கண்ணில் தண்ணீர்கூட வந்தது. எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

“அண்ணே, வெக்கத்தை விட்டுச் சொல்லுதேன். அந்த அண்ணாச்சி வேற யாரும் இல்ல, என் தங்கச்சி மாப்பிள்ளை. தங்கச்சி வடிவுக்குப் பிள்ளை பிறந்திருக்கு. பாலே ஊறல. பிள்ளை அழுது அழுது தொண்டை கட்டிப்போச்சு. தகப்பன் கையால பிடிச்சாந்து குடுக்கணும்னு அவருக்கு ஒரு ஆசை. அதைச் சொல்லக் கூச்சப்பட்டுட்டுத்தான் வேட்டை, போட்டோன்னு என்னத்தையோ சொல்லிட்டேன்...”

சூசையண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். அடுப்படியிலிருந்து தெரேசக்கா ஓடி வந்தாள்.

“அடப்பாவி தம்பி, இதை மொதல்லயே சொல்லக்கூடாதா! ஏங்க, போயிட்டு வாங்க. பச்சைப்பிள்ளை காரியம். மாதா கோவிச்சுக்கிட மாட்டா.”

அவளும் சேர்ந்துதான் அனுப்பினாள். என் பொய் அவள் வாயாலும் பேசியது.

என் தங்கை வடிவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எனக்கு உடன்பிறந்தவள் அவள் ஒருத்திதான். வாசுதேவநல்லூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். பிள்ளையில்லை. ஆடித் தபசுக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் கோயில் புற்றுமண்ணைக் குழைத்து வயிற்றில் பூசிக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுவாள். அவளுக்குத்தான் பிள்ளை பிறந்திருப்பதாக நான் சொன்னேன்! வேறு பெயரா கிடைக்கவில்லை எனக்கு? இல்லாத தங்கையையே உண்டாக்கியிருக்கலாமே! பாவி... நாக்கில் முதலில் வந்தது அவள் பெயர்.

மறுநாள் காலையில் கோயில் மணி அடித்துக்கொண்டிருக்கும்போது வள்ளத்தைத் தள்ளினோம். பிள்ளை விஷயத்தை வெளியே சொல்லவேண்டாம் என்று நான் கேட்டிருந்ததால், கூட்டாளிகள் எல்லாரும் வர மறுத்துவிட்டார்கள். சூசையண்ணனும் அவர் தம்பி ராயப்பனும் மட்டும். அண்ணாச்சியும் நானும் விருந்தாளிகள். பாய் விரித்துப் போகும் வள்ளம் அது. அண்ணாச்சி கொஞ்ச தூரத்திலேயே வாந்தியெடுத்துச் சுருண்டுவிட்டார். சூசையண்ணன் அவர் முதுகைத் தடவிக்கொடுத்து, “கவலைப்படாதேயும் மாப்பிள்ளே, எல்லாம் நல்லபடியா முடியும்” என்றார். அண்ணாச்சி கேலி என்று நினைத்துக்கொண்டு அந்த நிலையிலும் சிரித்தார். நான் கடலைக் காட்டிப் பேச்சை மாற்றினேன்.

கரை கண்ணுக்கு மறைந்தபிறகு, சங்கிலி கோத்த பெரிய தூண்டிலில் இரை குத்தி இறக்கினார்கள். நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு கயிறு விண்ணென்று இழுத்தது.

மாட்டிவிட்டது! அண்ணாச்சி எழுந்து உட்கார்ந்து கத்தினார். நான் துள்ளிப்போய்க் கயிற்றைப் பிடித்தேன். நீங்கள் எங்கள் கரிசல் பக்கத்துக் கிணறுகளைப் பார்த்திருக்கிறீர்களா? ஆழம் கண்ணுக்கு எட்டாது. வாளி நழுவிவிடாமல் இருக்க, கயிற்றை உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டுதான் இறைப்போம். சிறுவயதிலிருந்தே கைக்குப் பழகிப்போன காரியம். யோசிக்கவேயில்லை... சுறா இழுக்கிற கயிற்றை நான் கையில் சுற்றிக்கொண்டேன்.

“கையில சுத்தாதேயும்வே!” என்று சூசையண்ணன் அலறியது கேட்டது. அதற்குள் கயிறு இறுகி, என்னை வள்ளத்தின் விளிம்புக்கு இழுத்துவிட்டது. அவர் பாய்ந்து வந்து என் இடுப்பைக் கட்டி, விரல்களைப் பிரித்துச் சுற்றை உருவினார். என் கை விடுபட்டது. தளர்ந்து ஓடிய கயிறு அவர் காலில் விழுந்து மாட்டியது. ஆளை அப்படியே வாரிக்கொண்டு போனது. போகிற போக்கில் அவருடைய தலையும் நெஞ்சும் விளிம்பில் மோதிய சத்தம்... அதை நான் எழுதப்போவதில்லை.

ராயப்பன் கத்தியால் கயிற்றை அறுத்துவிட்டுக் குதித்தான். தூக்கிப் போட்டோம். உயிர் இருந்தது. மூச்சு இருந்தது. பேச்சும் இருந்தது.

காற்றுதான் இல்லை. பாய் துணி காயப்போட்டது போலத் தொங்கியது. வேறு நாளாக இருந்தால் சுற்றிலும் வள்ளங்கள் நிற்கும். மோட்டார் படகுகள் வரும். கையைக் காட்டினால் கட்டி இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அன்றைக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் வெறும் தண்ணீர். ராயப்பன் தொண்டை கிழியக் கூப்பிட்டான். யாரைக் கூப்பிடுவது? எல்லாரும் கோயிலில் இருந்தார்கள். கோயிலில் இருக்கவேண்டிய நாள் அது!

துடுப்பைப் போட்டோம். நானும் போட்டேன், உள்ளங்கை கிழிந்து தொங்க. சூசையண்ணன் தலை அண்ணாச்சியின் மடியில் இருந்தது. கண்ணைத் திறந்து என்னைத் தேடினார்.

“மீனு போயிட்டேவே...”

“பரவாயில்லண்ணே. பேசாதீங்க.”

“பிள்ளைக்கு என்ன செய்வீரு? ராயப்பா... நாளைக்கு யாருகிட்டயாவது வாங்கிக் குடுத்துருடே.”

அண்ணாச்சி நிமிர்ந்து என்னைப் பார்த்துத் தணிந்த குரலில் கேட்டார். “எந்தப் பிள்ளைல?”

துடுப்பை விட்டுவிட்டு அவர் கையைப் பிடித்து அழுத்தினேன். அவர் வியாபாரி. அரை வார்த்தையில் முழுக்கணக்கும் புரிந்துகொள்கிறவர். வாயை மூடிக்கொண்டார்.

அப்போது சொல்லியிருக்கலாம் இல்லையா? ‘பிள்ளையே இல்லண்ணே, நான் பொய் சொன்னேன், என் மூஞ்சியில காறித் துப்புங்க’ என்று... சாகிற மனிதனுக்குச் செய்யவேண்டிய மரியாதை அதுதானே! நான் சொல்லவில்லை. அவருடைய மனம் நோகக்கூடாது என்று சொல்லாமல் இருந்தேன் என்று நீங்கள் நல்லபடியாக நினைக்கவேண்டாம். ராயப்பன் இடுப்பில் கத்தி இருந்தது. பயந்தேன். அதுதான் உண்மை.

கரை தெரிகிற தூரத்தில் அவர் போய்விட்டார்.

நான் கையில் கயிற்றைச் சுற்றியது, என்னைக் காப்பாற்றப் போய் அவர் மாட்டிக்கொண்டது எல்லாவற்றையும் ராயப்பன் ஊரில் சொன்னான். யாரும் என்னை அடிக்கவில்லை. ‘தெரியாமச் செஞ்சுட்டான், கடலு பழகாத கரைக்காட்டு ஆளு’ என்று விட்டுவிட்டார்கள். அண்ணாச்சி அன்றைக்கே ஊருக்குத் திரும்பிவிட்டார். அதன்பிறகு என் வேனில் ஏறவில்லை. நானும் அவர் மண்டிப்பக்கம் போகவில்லை.

அடக்கத்துக்கு நான் இருந்தேன். அங்கேதான் அந்தப் பேச்சு எழும்பியது. ஞாயிற்றுக்கிழமை பூசையை விட்டுவிட்டுக் கடலுக்குப் போனவன். கடவுள் சும்மா விடுவாரா? வயதான ஒருவர் எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னார். கூட்டம் ஆமோதித்து முனகியது.

தெரேசக்கா பெட்டிக்குப் பக்கத்திலிருந்து எழுந்து நின்றாள். அழுகை நின்றுவிட்டது.

“எம் புருசன் பணத்துக்காவப் போவல. பாலில்லாத பச்சைப்பிள்ளைக்காவப் போனாவ. நான்தான் அனுப்புனேன். அதுக்குத் தண்டனை குடுக்க எந்தக் கடவுளுக்கு மனசு வரும்? தம்பி, நீங்க சொல்லுங்க இவங்ககிட்ட. ஒங்க தங்கச்சி பிள்ளைக்குத்தான போனாவ?”

ஊர் முழுக்க என்னைப் பார்த்தது. அவளுடைய இரண்டு சின்னப் பையன்களும் என்னைப் பார்த்தார்கள்.

“ஆமாக்கா” என்றேன்.

முனகல் அடங்கிவிட்டது. பழி சொன்ன பெரியவரே வந்து பெட்டியைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். சொல்லுங்கள்... அதற்குப்பிறகு அந்தப் பொய்யை நான் எப்படித் திருப்பி எடுப்பேன்? எடுத்தால் சூசையண்ணன் ஒரு மண்டிக்காரனின் போட்டோவுக்காகப் பூசையை விட்டுவிட்டுச் செத்தவர் ஆகிவிடுவார்! இப்படியெல்லாம் எனக்கு நானே நியாயம் பேசிப் பேசி வருஷங்களை ஓட்டினேன்.

ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் போனேன். போகும்போதெல்லாம் தெரேசக்கா கேட்பது ஒன்றுதான்.

“பிள்ளை நல்லா இருக்காளா?”

நல்லா இருக்கா. நடக்கா. பேசுதா. பள்ளிக்கூடம் போறா... பெயர் கேட்டாள், கோமதி என்றேன். எங்கள் ஊர் அம்மன் பெயரே கோமதி, வீட்டுக்கு ஒரு கோமதி உண்டு, யோசிக்க வேண்டியிருக்கவில்லை. யார் சாயல் என்று கேட்டாள். அம்மா சாயல் என்றேன். அவள் உடனே போய் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவாள், அந்தப் பிள்ளைக்காக. மாசாமாசம் ஏற்றுகிறாள் என்று பிறகுதான் தெரிந்தது.

இதற்கிடையில் என் தங்கையை அவள் மாப்பிள்ளை விட்டுவிட்டார். பிள்ளைக்காக வேறொருத்தியைக் கட்டிக்கொண்டார். வடிவு ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். தெரேசக்காவிடம், அண்ணாச்சி வியாபாரமாக ஊர் ஊராகச் சுற்றுகிறார், தங்கையும் பிள்ளையும் என்னோடுதான் இருக்கிறார்கள் என்று சொல்லிவைத்தேன். நானும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவள் சமைப்பாள், நான் சாப்பிடுவேன். வீட்டில் ரேடியோ மட்டும் பேசும்.

போன வருஷம் கல்லறைத் திருநாளில் தெரேசக்கா கேட்டாள்: “கோமதி பெரிய மனுசி ஆயிட்டாளா தம்பி?” அந்த வயது ஆகியிருக்குமே என்று கணக்குப் பார்த்து, “ஆமாக்கா” என்று சொல்லித் தொலைத்தேன். என் வாய்!

இந்த ஆடியில் அவள் வந்துவிட்டாள். ஒரு மஞ்சள் பையோடு பஸ் ஸ்டாண்டில் இறங்கி, டூர் வேன்காரர் வீடு எது என்று விசாரித்து, நேராக வாசலில் வந்து நின்றாள். கதவைத் திறந்தது வடிவு. நான் உள்ளே சவரம் செய்துகொண்டிருந்தேன்.

“நீதான வடிவு? என்னைத் தெரியாதும்மா ஒனக்கு. ஒன் பிள்ளைக்குப் பாலில்லன்னு சொறா பிடிக்கப் போனாவல்லா... அவிய பொஞ்சாதி நான். எங்க கோமதி? பெரியம்மா வந்திருக்கேன்னு கூப்பிடு.”

சோப்பு நுரையோடு நான் முற்றத்துக்கு வந்து நின்றேன். வடிவு திரும்பி என்னைப் பார்த்தாள். சூசையண்ணன் செத்த கதை அவளுக்குத் தெரியும். தெரியாதது இந்த ஒன்றுதான். அவள் முகத்தில் ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டு வருவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். கத்தட்டும் என்றுகூட நினைத்தேன்.

“வாங்கக்கா” என்றாள் வடிவு. “பள்ளிக்கூடத்துல கன்னியாகுமரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காவ. வர ரெண்டு நாளாவும். நீங்க உள்ள வந்து உக்காருங்க.”

தெரேசக்காவுக்கு முகம் வாடிவிட்டது. இருந்தாலும் பையைத் திறந்து, பட்டுப் பாவாடையும் தாவணியும் ஒரு டஜன் கண்ணாடி வளையலும் எடுத்து வடிவு கையில் வைத்தாள். பிறகு வடிவின் வயிற்றில் கைவைத்துச் சொன்னாள்:

“அவிய உசுருதான் ஒன் பிள்ளையா நடமாடுதுன்னு நெனைச்சுக்கிட்டுத்தாம்மா நான் இருக்கேன்.”

வடிவு அந்தக் கையை எடுத்துவிடவில்லை. தன் கையை அதன்மேல் வைத்துக்கொண்டாள்.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியவளை பஸ் ஸ்டாண்டுவரை கொண்டுவிட்டேன். இன்றைக்குச் சொல்லிவிடவேண்டும் என்று வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு நடந்தேன். பஸ் வந்தது.

“அக்கா...”

“என்ன தம்பி?”

“ஜன்னல் பக்கமா உக்காருங்க. காத்து வரும்.”

இவ்வளவுதான் வந்தது என் வாயில்! வண்டி நகரும்போது அவள் தலையை நீட்டிச் சொன்னாள்: “கிறிஸ்துமஸ் கழிஞ்ச மறுநாள் வாரேன். அன்னைக்குப் பிள்ளையை எங்கயும் அனுப்பிராதிய.”

வீட்டுக்கு வந்தேன். வடிவு பாவாடையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலில் விழலாம் என்று போனேன். அவள் நிமிரவில்லை.

“என்ன படிக்கான்னு சொல்லிவச்சிருக்க?”

“எட்டாவது.”

“நல்லாப் படிக்காளாமா?”

“...நல்லாப் படிக்கா.”

“யாரு சாயல்னு சொன்னண்ணே?”

“ஒன் சாயல்.”

அவள் பாவாடையை மடித்துத் தன் டிரங்குப் பெட்டியில் வைத்தாள்.

அன்றிலிருந்து அவள் என்னை ஒரு வார்த்தை வைததில்லை. வைதிருந்தால் இதை உங்களுக்கு நான் எழுதியிருக்கமாட்டேன்.

இந்த வருஷக் கல்லறைத் திருநாளுக்கு நான் போகவில்லை, தெரேசக்கா முகத்தில் விழிக்கத் துணிவில்லை. போன வாரம்தான் வடிவிடம் துணிந்து சொன்னேன். இதை இப்படியே இழுத்துக்கொண்டு போகமுடியாது. தெரேசக்கா வருவதற்குள் நான் கடற்கரைக்குப் போய், பிள்ளை காய்ச்சலில் போய்விட்டது என்று சொல்லிவிடுகிறேன். அழுவாள், ஆனால் அதோடு முடிந்துவிடும் என்றேன். கெட்டிக்காரத்தனம்! இந்த வயதிலும் எனக்கு ஏற்பாடு செய்யத்தான் தெரிகிறது.

வடிவு அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். கையில் மாவு. என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். இத்தனை காலத்தில் அவள் அழுது நான் பார்த்ததெல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பித்தான். அன்றைக்கு என் முகத்தைப் பார்த்து அழுதாள்.

“எண்ணே... அவளைக் கொன்னுராதண்ணே. எனக்கு இருக்கது அவ ஒருத்திதான்.”

நான் கடற்கரைக்குப் போகவில்லை.

கிறிஸ்துமஸுக்கு இன்னும் சில நாட்கள்தான் இருக்கின்றன. வடிவு முறுக்குக்கு அரிசி ஊறப்போட்டிருக்கிறாள்.